மெதுவான தசை என்றால் பலமில்லாத தசையா?

கேள்வி: எனக்கு 61 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தேன். இப்போதும் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வரை ஏற்றம் ஏறுவேன். மூச்சு வாங்கும், கால் வலிக்காது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் இரண்டு முறை படியில் இடறி விழுந்துவிட்டேன், சமாளித்து நிற்க முடியவில்லை. இறக்கத்தில் தொடை நடுங்குகிறது. குளிர் நாளில் காலையில் கால் சொன்னபடி கேட்பதில்லை. கல்லூரியில் 100 மீட்டர் ஓடும் என் பேரன், "அம்மாச்சி, உனக்கு ஸ்லோ மசில், எனக்கு ஃபாஸ்ட் மசில், அதான் உன் காலில் பவர் இல்லை" என்கிறான். மலை ஏறினால் மசில் ஸ்லோ ஆகிவிடும், ஏறாதே என்று அவனுடைய கோச் சொல்லியிருக்கிறாராம். இவ்வளவு காலம் மலை ஏறி இறங்கின காலுக்குப் பலம் இல்லையா?

– கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலுக்குப் பலம் இருக்கிறது. அரிசிப் பையோடு ஏற்றம் ஏறுகிற காலைப் பலமில்லாத கால் என்று எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்ல மாட்டார். உங்களுக்குக் குறைந்திருப்பது அந்தப் பலம் வந்து சேரும் வேகம். பேரன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனாலேயே மலையில் வாழும் வயதானவர்கள், "நான் தினமும் நடக்கிறேனே, எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று இருந்துவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு வகைத் தசை, பேரனுக்கு இன்னொரு வகைத் தசை என்பது கிடையாது. எல்லோருடைய தசையிலும் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் வேகமாகச் சுருங்கும் இழைகளும் கலந்தே இருக்கின்றன. கலப்பு விகிதம்தான் ஆளுக்கு ஆள், தசைக்குத் தசை மாறும். முன்தொடைத் தசையில் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கெண்டைக்காலில் உள்ளே படிந்திருக்கும் சோலியஸ் தசையில் மெதுவான இழைகளே மிக அதிகம். நாம் நிற்கும்போது முன்பக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தசைதான். நாட்டுக்கோழி அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள், தொடைக்கறி சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருக்கும். நாள் முழுக்க நடந்து மேயும் கால் தசைக்கு ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் அதிகம் வேண்டும், அந்தச் சிவப்பு அதனுடையது. எப்போதாவது படபடவென்று எழும்பப் பயன்படும் நெஞ்சுத் தசைக்கு அது தேவையில்லை. சிவந்த தசை மெதுவாகவும் வெளுத்த தசை வேகமாகவும் சுருங்குகிறது என்பதை முயல்களில் கவனித்து 1870-களிலேயே எழுதிவிட்டார் பிரான்ஸ் நாட்டு ரான்வியே.

இனி முக்கியமான விஷயம். ஒரு மெதுவான இழையையும் ஒரு வேகமான இழையையும் எடுத்து, இரண்டு முனையையும் நகராமல் கட்டி வைத்து, முழுதாகச் சுருங்கச் செய்தால், ஒரே தடிமனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் தடிமனுக்கு சுமார் இரண்டு, இரண்டரைக் கிலோ எடையைத் தாங்கும் இழுப்பு. வேகமான இழை இதில் சற்று முன்னே இருக்கலாம், ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டை அவிழ்த்துவிட்டு, சுமையில்லாமல் சுருங்க விடும்போதுதான் வித்தியாசம் தெரியும். வேகமான இழை பல மடங்கு விரைவாகச் சுருங்கிவிடும். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏறுகிறது, அதைப் பலமில்லாத ரயில் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? தசைக்குள் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. அதன் தலைகள் பக்கத்தில் இருக்கும் ஆக்டின் இழையைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. ஒவ்வொரு பிடிக்கும் ஏடிபி என்ற எரிபொருள் செலவாகிறது. வேகமான இழையின் மயோசின் சட்டென்று விட்டு அடுத்த பிடிக்குப் போய்விடும், மெதுவான இழையின் மயோசின் பிடித்த பிடியை அதிக நேரம் வைத்திருக்கும். மயோசின் ஏடிபியை உடைக்கும் வேகமும் தசை சுருங்கும் வேகமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பல விலங்குகளின் தசைகளை ஒப்பிட்டு 1967-ல் மைக்கேல் பாரனி காட்டினார். பிடியை நீண்ட நேரம் வைத்திருப்பதால் மெதுவான இழைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு: அதே இழுப்பைக் குறைந்த எரிபொருளில் தாங்கிக்கொண்டே இருக்கலாம். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று கொழுந்து பறித்தீர்களே, அந்த வேலையைத் தாங்கியது இந்தச் சிக்கனம்தான். வேகமான இழைகளை மட்டும் நம்பியிருந்தால் முதல் நிறுவைக்கு முன்பே கால் துவண்டிருக்கும்.

இன்னொரு வித்தியாசம் நரம்புத் துடிப்புக்குத் தசை பதில் சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஒரே ஒரு துடிப்பு வந்தால், மெதுவான இழைகளில் இழுப்பு உச்சத்துக்கு ஏற ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். வேகமான இழைகளுக்கு அதில் பாதி போதும், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். தளர்வதும் அப்படித்தான். தசைக்குள் கால்சியம் வெளியே வந்தால் சுருக்கம், உள்ளே திரும்பினால் தளர்ச்சி. வேகமான இழைகளில் இந்தப் போக்குவரத்து விரைவாக நடக்கும். மெதுவான இழை தளர நேரம் எடுப்பதால், துடிப்புகள் அவ்வளவு அடிக்கடி வராவிட்டாலும் ஒன்றோடொன்று சேர்ந்து சீரான இழுப்பாகிவிடும். வேகமான இழைக்கு அதே சீரான இழுப்பு வேண்டுமானால் நரம்பு இன்னும் அடிக்கடி துடிக்க வேண்டும்.

சரி, சுமையும் வேகமும் எப்படிச் சேர்கின்றன? 1938-ல் ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தவளையின் தொடைத் தசையை வைத்து இதை அளந்தார். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அதற்கு முன்பே நோபல் பரிசு வாங்கியவர் அவர். சுமை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும். இது நேர்கோடாகக் குறையாமல் ஒரு வளைகோடாக, ஆரம்பத்திலேயே சடசடவென்று இறங்கும். தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமையில் பாதியை ஏற்றினால் வேகமும் பாதியாகும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இதையே திருப்பிப் பார்த்தால், வேகமாகச் சுருங்கும்போது தசையால் கொஞ்சம்தான் இழுக்க முடியும். பேரன் சொல்கிற பவர் என்பது இழுப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அதிகபட்ச வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் ஓடும்போதுதான் அது உச்சத்தில் இருக்கும். மெதுவான இழைகளுக்கு அதிகபட்ச வேகமே குறைவு என்பதால் பவரும் பல மடங்கு குறைவு. அந்த அளவில் பேரன் சொன்னது சரி. ஆனால் பவர் குறைவு என்பதைப் பலம் இல்லை என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் ஏறுகிற ஏற்றத்துக்குக் கணக்கு உதைக்கும்.

நீங்கள் விழுந்ததை இப்போது இதில் வைத்துப் பாருங்கள். அரிசியோடு ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் நீங்களே நேரம் கொடுக்கிறீர்கள். தசை மெதுவாகச் சுருங்குகிறது, ஆகவே நிறைய இழுக்கிறது. படியில் கால் தட்டும்போது நேரத்தைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை. உடம்பு முன்னே சாய்ந்துகொண்டே போகிறது. இன்னொரு காலை முன்னே வீசி ஊன்றி, மடங்கும் முழங்காலை நிமிர்த்த வேண்டும், எல்லாம் ஒரு நொடிக்குள். ஆரோக்கியமான இளைஞருக்கே தசையின் முழு இழுப்பும் எழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்காவது ஆகும். இடறலில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. தசையில் மொத்தம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, முதல் சில நொடித்துளிகளில் எவ்வளவு எழுகிறது என்பதுதான் அங்கே முடிவு செய்யும். அதற்கு வேகமான இழைகள் வேண்டும்.

வயதாகும்போது முதலில் மெலிவதும் அவைதான். வேகமான இழைகளைக் கட்டுப்படுத்தும் பெரிய நரம்பு செல்கள் சில மெல்ல மறைகின்றன. நரம்பை இழந்த இழைகளில் சிலவற்றைப் பக்கத்திலிருக்கும் மெதுவான நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், அப்போது அந்த இழையும் மெதுவாக மாறிவிடும். நரம்புக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது 1960-ல் புல்லர், ஜான் எக்கிள்ஸ், அவருடைய மகள் ரோசமண்ட் எக்கிள்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் சேர்ந்து பூனைகளில் செய்த சோதனையில் தெரிந்தது: வேகமான தசைக்குப் போகும் நரம்பையும் மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி மாற்றி இணைத்தார்கள், தசைகளின் வேகமும் மாறத் தொடங்கியது. தத்தெடுக்கப்படாத இழைகள் அழிந்துபோகின்றன. இதனால் அறுபதுக்கு மேல் பலம் குறைவதைவிட பவர் விரைவாகக் குறைகிறது.

"தினமும் ஏறி இறங்குகிறேனே, அந்த இழைகளுக்கும் வேலை கிடைத்திருக்குமே" என்று கேட்பீர்கள். இழைகளை வேலைக்கு அழைப்பதில் உடம்புக்கு ஒரு வரிசை உண்டு. எல்வுட் ஹென்னமன் கண்டு சொன்னது இது: முதலில் சிறிய நரம்பு செல்கள் எழும், அவற்றின் கையில் மெதுவான இழைகள். சுமை கூடினாலோ அவசரம் வந்தாலோதான் பெரியவை எழும். நிதானமாக ஏற்றம் ஏறும்போது மெதுவான இழைகளும் நடுத்தர வேக இழைகள் சிலவும் போதும். வரிசையின் கடைசியில் நிற்கும் மிக வேகமானவற்றுக்கு அழைப்பே வராது. முப்பது வருஷ ஏற்றம் உங்கள் இதயத்துக்கும் மெதுவான இழைகளுக்கும் செய்த நன்மை மிகப் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடைசி வரிசைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

இறக்கத்தில் தொடை நடுங்குவது வேறு கதை. இறங்கும்போது முன்தொடைத் தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது, பிரேக் பிடிப்பது போன்ற வேலை. நீளும் தசை, அசையாமல் நிற்கும் தசையைவிட அதிகமாகத் தாங்கும். தனியாக எடுத்துச் சோதித்த தசைகளில் ஒன்றரை மடங்கு, அதற்கு மேலும்கூடப் பார்த்திருக்கிறார்கள். எரிபொருளும் குறைவாகத்தான் ஆகும். 1952-ல் இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக ஒரே சங்கிலியில் இணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதைத் தடுத்துப் பிடிக்கும்படி வைத்து அளந்தார்கள். தடுப்பவருக்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவாக இருந்தது. இறக்கத்தில் உங்களுக்கு மூச்சு வாங்காததற்கு இதுதான் காரணம். ஆனால் குறைந்த இழைகளே வேலை செய்வதால் ஒவ்வொன்றின் மீதும் பாரம் அதிகம், நுண்ணிய சேதம் ஏற்படும். பழக்கமில்லாமல் நீண்ட இறக்கம் இறங்கினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இதனால்தான். மறுபடி மறுபடி இறங்கினால் வலி குறைந்துவிடும். இந்தத் தாங்கும் பலம் வயதானவர்களிடம் மற்றதைவிட நன்றாகவே மிஞ்சியிருக்கும் என்பது நல்ல செய்தி. நடுக்கம் பெரும்பாலும் தசைச் சோர்வுதான். அடியைச் சிறிதாக்குங்கள், முழங்காலை லேசாக மடக்கியே வையுங்கள், நடுவில் நின்று மூன்று நான்கு முறை மூச்சு விட்டுப் பிறகு இறங்குங்கள்.

குளிரைப் பற்றிச் சொன்னீர்கள். உதகைப் பக்கம் உறைபனி விழும் மாதங்களில் என்னிடம் வருகிற பலரும் இதைச் சொல்கிறார்கள். தசை குளிர்ந்தால் மயோசினின் வேலை மெதுவாகும், கால்சியம் திரும்பிப் போவதும் மெதுவாகும். அசையாமல் இழுக்கும் பலம் அவ்வளவாகக் குறையாது, சுருங்கும் வேகமும் பவரும் நன்றாகவே குறையும். ஏற்கனவே வேகம் குறைந்த காலுக்குக் குளிர் இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பறிக்கிறது. படுக்கையை விட்டு எழுந்ததும் நேரே வாசல் படிக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் நடந்து, குதிகாலைத் தூக்கி இறக்கி, காலைச் சூடாக்கிக்கொண்டு அப்புறம் வெளியே போங்கள். கம்பளிக் காலுறையும் உதவும், ஆனால் வழுக்குகிற காலுறையோடு சிமெண்ட் தரையில் நடக்க வேண்டாம்.

இனி பயிற்சி. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். முடிந்த அளவு வேகமாக எழுந்திருங்கள், உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஆறிலிருந்து எட்டு முறை. ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். கால் உண்மையில் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைவிட, வேகமாக எழ வேண்டும் என்ற முயற்சிதான் பெரிய நரம்பு செல்களை எழுப்பும். அதனால் பார்ப்பவருக்கு மெதுவாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம். வேகம் குறைவது தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள், சோர்ந்தபின் செய்வது இந்த நோக்கத்துக்கு உதவாது. இதோடு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைச் சட்டென்று தூக்கி மெதுவாக இறக்குவதையும், வாசலின் கீழ்ப் படியில் ஒரு காலை வைத்து விரைவாக ஏறி நிதானமாக இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. முதல் வாரங்களில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சாப்பாட்டில் பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். வெறும் சோறும் ரசமும் தசையைக் காப்பாற்றாது.

ஆனால் பயிற்சிக்கு முன்னால் கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ உங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டு முறை விழுந்ததை வாயால் சொல்லுங்கள், கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். கண் பார்வை, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி, வைட்டமின் டி, பி12, சாப்பிடும் மாத்திரைகள், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா விழுதலுக்கும் தசை காரணம் இல்லை. ஒரு பக்கக் கால் மட்டும் இழுபட்டாலோ, பாதம் மரத்துப்போனாலோ, விழுவதற்கு முன் தலை சுற்றினாலோ, தாமதிக்காமல் போக வேண்டும்.

பேரனுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியால் எளிதில் மாறுவது வேகமான இழைகளுக்குள் இருக்கும் இரண்டு வகைகள்தான். மிக வேகமானவை எந்தக் கடும் பயிற்சியிலும் சற்று வேகம் குறைந்த, ஆனால் சீக்கிரம் களைக்காத வகைக்கு நகரும், ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடும். வேகமான இழை முழுக்க மெதுவான இழையாவது சாதாரணப் பயிற்சியில் எளிதில் நடப்பதில்லை. தினமும் மணிக்கணக்கில் நிதானமாக ஓடினால் திடீர்ப் பாய்ச்சல் மந்தமாகலாம், கோச்சின் கவலையில் அந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக்கு ஏற்றம் ஏறுவதால் 100 மீட்டர் ஓட்டம் கெட்டுப்போகாது. குறுகிய ஏற்றத்தில் முழு வேகத்தில் பாய்ந்து ஓடி, நன்றாக ஓய்வெடுத்து மறுபடி ஓடுவது நல்ல வேகப் பயிற்சி. போட்டிக்கு முந்தின இரண்டு நாள் நீண்ட இறக்கத்தை மட்டும் அவன் தவிர்க்கட்டும், தொடை வலியோடு ஓட்டத்தில் நிற்க வேண்டியிருக்காது.

அவனிடம் கட்டாயம் ஸ்டாப்வாட்ச் இருக்கும். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவன் பார்க்கட்டும். 15 நொடிக்கு மேல் போனால் அந்த எண்ணை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மாதம் பயிற்சி செய்தபின் அதே நாற்காலியில், அதே நேரத்தில், கால் சூடான பிறகு மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள்.